எமிலி ஸ்கேரட் 17 வருடம் ஆடினார், சரி, அதில் சம்பளம் எத்தனை வருடம்?

பனிமூட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ரக்பியில் பந்தை ஏன் பின்னாலேயே எறிகிறார்கள் என்பது புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது, அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது, பள்ளி ரக்பி அணியில் சென்டர் இடத்தில், அதாவது ஓட்டக்காரர்கள் வரிசையின் நடுவில், ஆடுகிறாள். 2025 செப்டம்பர் 27 அன்று ட்விக்கன்ஹாமில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம். 81,885 பேர் என்று பலகையில் போட்டார்கள், தேர்த் திருவிழாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இங்கிலாந்து 33-13 என்று கனடாவை ஜெயித்தது. திரும்பி வரும் ரயிலிலேயே மகள் சொல்லிவிட்டாள், "அப்பா, நான் இந்த வேலைக்குத்தான் போகப் போகிறேன்" என்று.

வேடிக்கை என்னவென்றால் அவள் அறைச் சுவரில் ஒட்டியிருப்பது அன்று மைதானத்தில் ஆடிய யாருடைய படமும் இல்லை, எமிலி ஸ்கேரட் படம். இங்கிலாந்தின் மூத்த ஆட்டக்காரி, அந்த உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இருந்தும் இறுதி ஆட்டத்துக்கான 23 பேரில் இல்லை. அடுத்த மாதமே ஓய்வு அறிவித்தார், இவள் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

என் மனைவிக்கு ஒரே ஒரு கேள்விதான், "இதில் சோறு கிடைக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. சுவரில் இருப்பவருடைய கதையை வைத்தே யாராவது விளக்குங்கள். பதக்கப் பட்டியல் வேண்டாம், அதை மகளே தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். பிழைப்பு எப்படி ஓடியது என்பதுதான் தெரிய வேண்டும்.

பழைய_ஃப்ளாங்கர்:

நல்ல கேள்வி. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 119 ஆட்டம், 754 புள்ளி என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுவார்கள். அந்த 754 இங்கிலாந்துப் பெண்கள் அணியில் இதுவரை யாரும் தொடாத எண், ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு புள்ளிக்கு மேல் வருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மனைவி கேட்டது வேறு.

ஸ்கேரட் 1990 இல் பிறந்தவர், லெஸ்டர் பக்கம். ஐந்து வயதில் லெஸ்டர் ஃபாரஸ்ட் என்ற உள்ளூர் கிளப்பில் பையன்களோடு ஆட ஆரம்பித்தார். அந்த வயதில் அங்கே இருபாலரும் சேர்ந்துதான் ஆடுவார்கள், 11, 12 வயதில்தான் பிரிப்பார்கள். 16 வயதில் அமெரிக்காவிலிருந்து கூடைப்பந்துக்கு உதவித்தொகையோடு படிக்க அழைப்பு வந்தது. வேண்டாம் என்று சொன்னார். இந்த இடத்தை உங்கள் மனைவியிடம் படித்துக் காட்டாதீர்கள், ஏனென்றால் அப்போது பெண்கள் ரக்பியில் சம்பளம் என்ற சொல்லே கிடையாது. கையில் இருந்த படிப்புச் செலவை விட்டுவிட்டு ஒன்றுமே தராத ஆட்டத்துக்குப் போனார், அவ்வளவுதான்.

2008 இல் 18 வயதில் இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம், அமெரிக்காவோடு. முதல் 12 சர்வதேச ஆட்டங்களில் 12 ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது). 2010 இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், லண்டனில் ட்விக்கன்ஹாம் ஸ்டூப் என்ற சின்ன மைதானம், 13,253 பேர், அன்றைக்கு அதுவே பெரிய கூட்டம் என்று பேசினார்கள். நியூசிலாந்திடம் 13-10 என்று தோல்வி. 2014 இல் பாரிஸில் கனடாவை 21-9 என்று அடித்துக் கோப்பை, 20 வருடத்துக்கு அப்புறம். அந்த 21 இல் ஸ்கேரட்டுடையது மட்டும் 16. ஒரு ட்ரை, ஒரு கன்வர்ஷன் (ட்ரைக்கு அப்புறம் கோலுக்கு உதைப்பது), மூன்று பெனால்டி (எதிரணியின் தப்புக்குக் கிடைக்கும் உதை). தொடர் முழுக்க 70 புள்ளி, அந்தக் கோப்பையில் அதிகம் எடுத்தவர் அவர்தான்.

இப்போது பிழைப்புக்கு வருகிறேன். அந்தக் கோப்பையை ஜெயித்தபோது அவர் பர்மிங்ஹாமில் ஒரு பள்ளியில் உடற்கல்விப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் கேட்டி டேலி-மக்லீன் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. உலக சாம்பியன்கள் கோடை விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனார்கள். ஆக 2008 முதல் 2014 வரை ஆறு வருடம், உடம்பு நன்றாக ஓடும் 18 முதல் 24 வயது, வேலை ஒரு பக்கம், காலையிலும் ராத்திரியிலும் பயிற்சி ஒரு பக்கம்.

2014 கடைசியில்தான் இங்கிலாந்து ரக்பி சங்கம் 20 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. ஆனால் அது அவர் கோப்பை ஜெயித்த 15 பேர் ஆட்டத்துக்கு இல்லை, 7 பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு! 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ரக்பி முதல்முறையாக வந்தது, அதற்காகத்தான் பணம் வந்தது. ஸ்கேரட் பிரிட்டன் அணிக்குக் கேப்டன். முதல் சுற்றில் கனடாவை 22-0 என்று அடித்துவிட்டு, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அதே கனடாவிடம் 33-10 என்று தோற்று நான்காம் இடம்.

அப்புறம் வந்தது 2017. அந்த வருட உலகக் கோப்பைக்காக 15 பேர் அணிக்கும் முழுநேர ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். கோப்பை நெருங்கும் சமயத்தில், அது முடிந்ததும் அந்த ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப் போவதில்லை, பணம் மறுபடி செவன்ஸுக்குப் போகிறது என்று சேதி வெளியே வந்தது. நடப்பு சாம்பியன்களிடம் போட்டிக்கு முன்னாடியே, முடிந்ததும் வேலை இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? பெரிய கூச்சல் கிளம்பியது. ஆட்டக்காரிகள் போய் ஆடினார்கள், பெல்ஃபாஸ்டில் இறுதி ஆட்டம், நியூசிலாந்திடம் 41-32. ஸ்கேரட் மறுபடி செவன்ஸ் பக்கம் போனார், 2018 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம்.

2019 ஜனவரியில்தான் 28 பேருக்கு 15 பேர் ஆட்டத்திலேயே முழுநேரச் சம்பளம் என்று நிலையாக ஒன்று வந்தது. அந்த வருடமே ஸ்கேரட் உலகின் சிறந்த வீராங்கனை. நான் இதைத் தற்செயல் என்று நினைக்கவில்லை. 29 வயதில், தனக்கு மிகவும் பழக்கமான ஆட்டத்துக்கு நிம்மதியாக ஒரு முழு வருடம் கிடைத்தது, உச்சத்துக்குப் போய்விட்டார்.

கணக்கு இதுதான்: 17 வருடத்தில் முதல் ஆறு வருடம் சொந்தச் சம்பாத்தியம், அடுத்த நாலரை வருடம் பணம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் ஓட்டம், மிச்சம் ஆறரை வருடம்தான் ஒழுங்கான வேலை.

கோடு_தாண்டி:

ஃப்ளாங்கர் சார், லிச்ஃபீல்டை விட்டுவிட்டீர்களே. ஸ்கேரட் அத்தனை வருடம் ஆடியது லிச்ஃபீல்ட் கிளப்புக்கு. 2017 இல் புதிதாகப் பெண்களுக்கான முதல்நிலை லீக் ஆரம்பித்தபோது, விண்ணப்பம் போட்ட கிளப்புகளில் பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், லிச்ஃபீல்டுக்கு இடம் இல்லை. தேசிய அணிக்கு அத்தனை பேரை வளர்த்துக் கொடுத்த இடம் அது. ஸ்கேரட் லஃப்பரோ லைட்னிங் அணிக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். ஒரே வருடத்தில் தேசிய ஒப்பந்தமும் போய், வளர்ந்த கிளப்பும் மேல் லீக்கில் இல்லாமல் போவது, சும்மா நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் எல்லோரும் சம்பளத்தையே பேசுகிறீர்கள், அவர் எப்படி ஆடினார் என்று யாரும் சொல்லவில்லை. பனிமூட்டம், உங்கள் மகள் சென்டர் என்பதால் சொல்கிறேன். சென்டரில் ஆடுகிறவர் சாதாரணமாகக் கோல் உதைக்க மாட்டார், அது பெரும்பாலும் 10 ஆம் எண் ஃப்ளை-ஹாஃப் வேலை. ஸ்கேரட் 13 ஆம் எண் சென்டராக நின்று எதிராளியை மடக்கி, எழுந்து, 60 மீட்டர் ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டே பந்தை டீ என்ற சின்னத் தாங்கியில் வைத்து உதைக்க வேண்டும். சில சமயம் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக்காகவும் ஆடியிருக்கிறார், அங்கே மேலே இருந்து விழும் பந்தைப் பிடிப்பது தனி வேலை. ட்ரைக்கு 5, கன்வர்ஷனுக்கு 2, பெனால்டிக்கு 3. அதிலும் கன்வர்ஷன் ட்ரை வைத்த இடத்துக்கு நேராகத்தான் எடுக்க வேண்டும், ஓரத்தில் ட்ரை வைத்தால் கோணம் கத்தி மாதிரி இருக்கும். பழைய ஆட்டங்களை எடுத்துப் போட்டு அவர் உதைப்பதற்கு முன்னால் நிற்கும் அந்தச் சில நொடிகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தில் ஒன்றுமே இருக்காது, பால் வாங்கக் கடைக்கு வந்தவர் மாதிரி நிற்பார்.

கண்டிப்பெட்டை:

நான் கண்டியில் வளர்ந்தனான், எங்கட ஊரில் பள்ளிக்கூட றக்பி மட்ச் என்றால் கடையெல்லாம் அதைப் பற்றித்தான் கதைக்கும். ஆனால் அது பெடியன்களுக்கு மட்டும். அண்ணாமார் விளையாடுவார்கள், நாங்கள் கொடி பிடிப்போம். இங்கே லண்டனில் பெண் பிள்ளைகள் ஸ்க்ரத்தில் தோளோடு தோள் பூட்டி எதிரணியைத் தள்ளுவதைப் பார்த்த முதல் நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள்.

பனிமூட்டம் அண்ணா, சம்பளத்தை விட உடம்பைப் பற்றி உங்கள் மனைவி கேட்க வேண்டும். ஸ்கேரட்டுக்கு 2021 இல் கிளப் ஆட்டத்தில் கால் முறிந்தது. அது ஆறி, 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை வந்தா. அதுக்குப் பிறகு கழுத்து. கழுத்து எலும்புக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நான் பிசியோதெரபி வேலை செய்யிறேன். கைக்குப் போகிற நரம்பை அழுத்தும், பந்தைப் பிடிக்கிற கையில் பலம் குறையும். அவவுக்கு 2023 இல் சத்திரசிகிச்சை. 33 வயது, கழுத்தில் கத்தி வைத்தாச்சு, பெரும்பாலான ஆட்கள் அங்கேயே முடித்துக்கொள்வார்கள். 2024 இல் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஆறு நாட்டுப் போட்டியில் திரும்ப வந்து நின்றா. நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு அவ விழும்போதெல்லாம் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

2025 இல் சண்டர்லாந்தில் நடந்த முதல் ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி, ஐந்து உலகக் கோப்பையில் ஆடிய முதல் இங்கிலாந்துக்காரி ஆனா. அந்த இறங்கலுக்காக எத்தனை மாதம் கழுத்துக்குப் பயிற்சி செய்திருப்பா என்று யோசியுங்கள். இப்ப தலையில் படும் அடியை அளக்கிற பல்கவசம் வந்துவிட்டது, 2025 கோப்பையில் பலமான அடி விழுந்தால் அது சிவப்பாக மின்னியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகளுக்கு இப்பவே முறையாக மடக்கப் பழக்குங்கள், தலையை எந்தப் பக்கம் வைக்கிறது என்பதுதான் எல்லாம்.

நடுஇரவு_ரசிகன்:

2022 பற்றிப் பேச்சு வந்ததால் நான் சும்மா இருக்க முடியாது. நியூசிலாந்தோடு இறுதி ஆட்டம், ஆக்லாந்து ஈடன் பார்க், 42,579 பேர், இங்கிலாந்து தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறது. 14-0 என்று முன்னால் போகிறார்கள். 18 ஆம் நிமிடத்தில் இங்கிலாந்தின் லிடியா தாம்சனுக்குச் சிவப்பு அட்டை, மிச்ச ஒரு மணி நேரமும் 14 பேர். அப்படியும் கடைசி நிமிடத்தில் 34-31, மூன்றே புள்ளி பின்னால். பெனால்டி கிடைக்கிறது. மைதானத்தில் இங்கிலாந்துப் பெண்கள் அணியில் எல்லா காலத்திலும் அதிக புள்ளி எடுத்த ஸ்கேரட் நிற்கிறார். கோலுக்கு உதைத்திருந்தால் சமன், கூடுதல் நேரம். இவர்கள் ஓரத்துக்கு உதைத்து லைன்-அவுட் (ஓரக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிய, இரண்டு அணியும் எகிறிப் பிடிப்பது) எடுத்தார்கள், நியூசிலாந்தின் ஜோனா ஙான்-வூ எகிறிப் பந்தைத் தட்டிவிட்டார், கதை முடிந்தது. காலையில் எழுந்து பார்த்துவிட்டு டீ தம்ளரைச் சுவரில் எறியப் போய்விட்டேன். ஸ்கேரட்டிடம் கொடுத்திருக்க வேண்டும், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

பழைய_ஃப்ளாங்கர்:

@நடுஇரவு_ரசிகன் இதை எத்தனை தடவை சொல்லப் போகிறீர்கள்? அன்று இங்கிலாந்தின் ஏமி கோக்கெய்ன் மூன்று ட்ரை வைத்ததே லைன்-அவுட்டிலிருந்து கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போய்த்தான். அன்று முழுக்க வேலை செய்த ஆயுதத்தைக் கடைசியில் எடுத்ததில் என்ன தப்பு? 14 பேரை வைத்துக்கொண்டு, கால் ஓய்ந்துபோன நேரத்தில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் கூடுதல் நேரம் ஆடுவது மட்டும் சுலபமா? ஙான்-வூ நன்றாக எகிறினார், அவ்வளவுதான்.

கண்டிப்பெட்டை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், பனிமூட்டத்தின் வீட்டம்மாவுக்காக. 2023 இல் இங்கிலாந்து அணிக்குப் பிரசவ விடுப்புக் கொள்கை வந்தது, 26 வாரம் முழுச் சம்பளம். அதை முதலில் பயன்படுத்தியவர் அபி வார்ட். குழந்தை பெற்றுத் திரும்பி வந்து, நீங்கள் நேரில் பார்த்த அந்த இறுதி ஆட்டத்தில் ட்ரை வைத்தாரே, அவர்தான். ஸ்கேரட் ஆட ஆரம்பித்த 2008 இல் சம்பளமே இல்லாதபோது சம்பளத்தோடு விடுப்பை யார் கேட்பது?

அதே சமயம் இது இங்கிலாந்து நிலவரம் மட்டும், மறக்காதீர்கள். அன்று எதிரே ஆடிய கனடா அணி அந்தக் கோப்பைக்குத் தயாராகவே பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது, சுமார் 10 லட்சம் கனடா டாலர் திரட்டினார்கள். உலகக் கோப்பை இறுதி வரை வந்த அணி, உண்டியல் வைத்து வந்தது.

கோடு_தாண்டி:

உண்டியல், சரியான வார்த்தை. ஆனாலும் ஃப்ளாங்கர் சார், உங்கள் கணக்கை ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதல் ஆறு வருடத்தை வெறும் நஷ்டமாக எழுதுகிறீர்கள். பள்ளி வேலை பார்த்துக்கொண்டே ஆடியதால்தான் 2017 இல் எல்லாம் கவிழ்ந்தபோதும் அவருக்கு ரக்பியைத் தவிர வேறு ஒரு வாழ்க்கை என்பது தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். இப்போது 18 வயதில் நேரே ஒப்பந்தத்துக்குள் போகிறவர்களுக்கு அது இல்லை. ஓய்வுக்கு அப்புறமும் பாருங்கள், லஃப்பரோவிலேயே பேக்ஸ் எனப்படும் ஓட்டக்காரர்கள் வரிசைக்கும் தாக்குதலுக்கும் உதவிப் பயிற்சியாளர். உடற்கல்வி சொல்லிக்கொடுத்தவருக்கு அது புது வேலையா என்ன?

பழைய_ஃப்ளாங்கர்:

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சம்பளம் இல்லாததை நல்ல பழக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே ஆறு வருடத்தில் வேலையை விட முடியாமல் ஆட்டத்தை விட்டவர்கள் இருப்பார்கள் இல்லையா, அவர்கள் படம் யார் சுவரிலும் இல்லை.

பனிமூட்டம்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையேதான் வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறோம். கூடைப்பந்து உதவித்தொகை விஷயத்தை மறைக்கப் பார்த்தேன், மனைவி என் போனை வாங்கித் தானே படித்துவிட்டாள். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணோட அம்மா அன்னிக்கு என்ன சொல்லியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அதற்கும் பதில் தெரியவில்லை.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு இது: உயர்நிலைத் தேர்வு முடியும் வரை பள்ளி அணியும் உள்ளூர் கிளப்பும், படிப்பில் கை வைக்கக் கூடாது. உடற்கல்வி ஆசிரியர் வேலை பற்றி மகளே கணினியில் தேடிக்கொண்டிருந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டேன். கண்டிப்பெட்டை சொன்ன தலை வைக்கும் முறையைக் கிளப் பயிற்சியாளரிடம் கேட்டேன், அவர் அன்றே மண்டியிட்டு உட்காரவைத்து மெதுவாகச் செய்து காட்டினார்.

கோடு_தாண்டி, உங்களால் எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் அவள் கோல் உதைக்கிறாள், நான் எதிர்ப்பக்கம் நின்று பந்தைப் பொறுக்கிப் போடுகிறேன். ரக்பிப் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று ஒரு கணக்கும் இல்லை, கிரிக்கெட்டில் ஃபீல்டிங் செய்த பழக்கம் துளிகூட உதவவில்லை. உதைப்பதற்கு வைக்கும் டீ எந்த மாதிரி வாங்கலாம்?

கோடு_தாண்டி:

முதல் வருடத்துக்கு இருப்பதிலேயே மலிவானது போதும். உயரமாக வைப்பதா, தாழ்வாக வைப்பதா என்று அவளுக்கே பிடித்துப் போன அப்புறம் நல்லது வாங்கலாம். பந்து மட்டும் பள்ளியில் எந்த அளவோ அதே அளவு. அப்புறம் இரண்டு பந்தாக வாங்குங்கள், உங்கள் முட்டிக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.